பெரிய ரொட்டி டின் வாங்கிய வருடம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையில் நானும் அம்மாவும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் பின்னால் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், அம்மா பக்கத்தில் இருப்பாள், அத்தை வந்திருந்தால் அவளும் காதைக் கொடுப்பாள், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாராவது ஒருவர் நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவார்கள். எனக்கு ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை யாரும் குறுக்கே வராமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார், அவள் அதை நம்பாமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தாள், நான் மாத்திரை அட்டையைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டி தினம் ஒரு பாதியை எடுத்துக் கொடுக்கிறேன். கடை அடுப்புக் கதவுக்குப் புது ரப்பர் போட்டாயிற்று, இனிமேல் முன்வரிசை ரொட்டி வெளுத்துப்போய் வராது. அத்தை கதை தனிக்கதை. பஞ்சம் வரப்போகிறது என்று நாலு மாதத்துக்கு முன்னால் ஆறு மூட்டை கோதுமை வாங்கித் தன் படுக்கை அறையில் அடுக்கினாள் இல்லையா, இப்போது அதில் வண்டு விழுந்து, வண்டு கட்டிலுக்கு வந்து, அவள் கட்டிலை விட்டுக் கூடத்தில் படுக்கிறாள். கொடு அக்கா, அரைத்துக் கடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பஞ்சம் வர்றப்ப எங்கிட்டதான்டா கையேந்தி நிப்பே" என்றாள். அதற்குள் வண்டு ஒரு மணி மிச்சம் வைக்காது என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அத்தை தலையில் பஞ்சம் ஏறிய இடமும் நீ கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்திருக்கிற இடமும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் இப்போது நம் கடை மாடியில் நடக்கிறது, போதகர் மாதம் ஒரு தடவை வருவார், மற்ற வாரங்களில் பாடம் எடுப்பவர் கணக்கு வாத்தியார், உனக்கும் எட்டாம் வகுப்பில் எடுத்தவர்தான். மனைவி போனபிறகு ஒரு வருடம் வெளியே தலைகாட்டாமல் கிடந்தார், இந்தப் பாடம் எடுக்கத் தொடங்கியபிறகுதான் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். வேதத்தின் கடைசிப் புத்தகத்தை எடுத்தார். மூன்றாம் முத்திரை உடையும்போது கறுப்புக் குதிரையில் ஒருவன் தராசோடு வருகிறதும், ஒரு ஆளின் ஒரு நாள் கூலி ஒரு நாள் வயிற்றுக்கான கோதுமைக்கே சரியாகப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறதும் நீ ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதான். அந்தக் குதிரை கிளம்பிவிட்டதா, கிளம்பியிருந்தால் இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றார் வாத்தியார். அதற்கு அவருக்கு விலைவாசி வேண்டும். பேப்பரில் போடுகிற கணக்கு அவருக்கு ஆகாது, ஒரே பொருளை ஒரே கை ஒரே இடத்தில் விற்ற கணக்குதான் வேண்டும் என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நம் மாவு ரூம் கதவின் உள்பக்கம் உனக்குத் தெரியும். கடை திறந்த நாளிலிருந்து ரொட்டி விலை மாறுகிற ஒவ்வொரு தடவையும் நான் தேதி போட்டுப் பென்சிலால் எழுதி வருகிறேன், முப்பத்தோரு வருடம். வாத்தியார் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு மதியம் அதைப் பார்த்து எழுதினார், அம்மா தேநீர் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டம் போட்ட தாள்களை ஒட்டிப் பெரிய வரைபடமாகக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். கோடு தரையோடு தரையாக வந்து, கடை திறந்து பதினொன்றாவது வருடத்தில், ஒரே நாளில், பன்னிரண்டு ரூபாயிலிருந்து இருபத்திரண்டுக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது. அந்த இடத்தில் அவர் கறுப்பு மையில் சின்னதாக ஒரு குதிரை போட்டிருந்தார், பார்த்தால் கழுதை மாதிரிதான் இருந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முத்திரை என்பதால் அங்கிருந்து மூன்று ஏழு, இருபத்தொரு வருடம், அடுத்த வருடத்தோடு முடிகிறது என்றார். நாள் குறிக்கக் கூடாது என்று போதகர் சொல்லியிருக்கிறாரே என்று ஒருவர் கேட்டதற்கு, "நான் நாளா சொன்னேன், வருஷம்தானே சொன்னேன்" என்றார்.

அதற்குமேல் அவர் சொன்னதுதான் உன் வீட்டைத் தொட்டது. வாங்கவும் விற்கவும் கையிலோ நெற்றியிலோ அடையாளம் வேண்டும் என்கிற காலம் வரும்போது, முதலில் கையை நீட்டுகிறவன் கடன்பட்டவனாகத்தான் இருப்பான், அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அதனால் விசுவாசி எவனும் அடுத்த வருடத்துக்கு அப்பால் நீளுகிற எந்தக் கடனிலும் இருக்கக் கூடாது என்றார். அந்த முதல் பாதியில் எனக்கு இன்றைக்கும் மறுப்பு இல்லை பாப்பா, கடன் வாங்கியவன் குனிந்துதான் ஆக வேண்டும், நானே மாவு மண்டிக்காரர் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மா அன்றைக்கே உனக்குப் போன் போட்டாள். நீ இரண்டு அறை வீட்டுக்கு முன்பணம் கட்டி, வங்கியும் இருபத்திரண்டு வருடக் கடனுக்குச் சரி சொல்லி, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவள் முத்திரை, குதிரை, அடையாளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதாள். நீ வாதாடவில்லை, "அம்மா சரின்னு சொன்னாதான் போடுவேன்" என்றாய். அதிலிருந்து இரண்டு தடவை அவகாசம் வாங்கிவிட்டாய், வீட்டை விற்கிறவர் இந்த மாதம் இருபத்தெட்டுக்குமேல் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார், மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் குதிரை நின்ற வருடத்தை நினைத்துப் பார். நீ ஒன்பதாம் வகுப்பு. அதுவரை நாம் போட்டது நானூறு கிராம் ரொட்டி. அந்த வருடம் மூடிப்போன ஒரு பேக்கரியின் சாமான்களை விற்றார்கள், அதில் நாற்பது பெரிய டின் வாங்கினோம், பள்ளிக்கூட லீவு முழுவதும் நீதான் பின்வாசலில் உட்கார்ந்து துருவைத் தேய்த்தாய், கை கன்றிப்போய் அம்மா எண்ணெய் தடவிவிட்டாள். எண்ணூறு கிராம் ரொட்டி அதிலிருந்துதான் வந்தது, சின்னதை அதோடு நிறுத்திவிட்டோம். சின்னது பன்னிரண்டு, பெரியது இருபத்திரண்டு. நான் கதவில் விலையை மட்டும்தான் எழுதுவேன், எடையை எழுதியதே இல்லை, நமக்குத் தெரிந்ததை எதற்கு எழுதுவது. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு, அப்படிப் பார்த்தால் அன்றைக்கு நம் கடையில் ரொட்டி மலிந்துதான் போயிற்று. குதிரை ஏறியதாக அவர் போட்ட இடத்தில் நடந்தது அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மாவு விலை உண்மையிலேயே எகிறிய வருடங்களில் கோடு அசையாமல் படுத்துக் கிடக்கிறது, ஏனென்றால் அப்போதெல்லாம் நான் விலையை ஏற்றப் பயந்து மாவில் முப்பது கிராம், நாற்பது கிராம் குறைத்தேன். பக்கத்துத் தெருக்காரர்கள் யாரும் ரொட்டியை நிறுத்துப் பார்க்கவில்லை. தராசு என் கையில்தான் இருந்தது.

வரைபடத்தை மாட்டிய அன்றைக்கே எனக்குத் தெரியும். அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். பார்த்த நிமிஷமே டின் ஞாபகம் வந்துவிட்டது, வாயைத் திறக்கப் போனேன், வாத்தியார் முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். இஸ்திரிச் சட்டை போட்ட மனுஷனைப் பத்துப் பேர் முன்னால் எப்படிக் கவிழ்ப்பது, தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தனியாகப் பார்த்தபோது அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். இதில் இன்னொரு வெட்கக்கேடு, கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் கெடாமல் இருக்கும் என்று ரஸ்க் வாங்கி டப்பா டப்பாவாகச் சேர்த்தார்கள், இந்த மாதங்களில் விற்ற அளவுக்கு நான் வேறு எந்த வருடத்திலும் ரஸ்க் விற்றதில்லை. இப்படியே ஐந்து மாதம் ஓடிப்போயிற்று.

என்னைப் பேச வைத்தது பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. அவள் மூன்று மெஷின் கடனில் வாங்கி, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறவள், இன்னும் நாலு வருடம் பாக்கி. போன வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை எழுந்து சாட்சி சொன்னாள், மூன்று மெஷினையும் பாதி விலைக்குப் பேசி முடித்துவிட்டதாக, கடனை அடைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய் இருக்கப் போவதாக, பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான் என்று. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவளிடம் வேலை பார்க்கிற பெண்களில் சின்னவள் மட்டும் குனிந்து விரலில் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உப்பு அள்ளுவதற்கு வைத்திருந்த பழைய சின்ன டின் ஒன்றையும் அடுப்பிலிருந்து ஒரு பெரிய டின்னையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். இதுதான் உங்கள் குதிரை என்று சொன்னேன், நல்லபடியாகச் சொல்ல யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. வாத்தியாருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் கோபப்படவில்லை, கணக்கு வாத்தியார் இல்லையா, ஏதாவது கோதுமை இருக்கிறதா என்று கேட்டார். அத்தை ஓடிப்போய் ஒரு பை கொண்டுவந்தாள். சின்ன டின்னில் அளந்து பெரிய டின்னில் இரண்டு தடவை கொட்டினார், விளிம்புக்குச் சரியாக நின்றது, வண்டும் உள்பட. பிறகு குனிந்து நின்று வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எப்ப ஞாபகம் வந்துச்சு உங்களுக்கு" என்று என்னைக் கேட்டார். இன்றைக்குக் காலையில்தான் என்று சொன்னேன். வயசானால் எல்லோருக்கும் மறக்கத்தான் செய்யும், நீங்கள் சங்கடப்படாதீர்கள் என்று என் தோளைத் தட்டிவிட்டுத் தாள்களைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. தையல்காரம்மா மெஷின்களைக் கொடுக்கவில்லை, ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வாத்தியார் செவ்வாய்க்கிழமையே நோட்டோடு கடைக்கு வந்துவிட்டார், வேறு வரைபடம் போடுகிறார், இந்தத் தடவை எடைக்கும் ஒரு பத்தி விட்டிருக்கிறார். அவரிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், ஆனால் உன்னிடம் முதலில் சொல்லாமல் அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

ஏன் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதற்கு மேலே இரண்டு காரணம் எழுதியிருக்கிறேன், இரண்டும் பொய் இல்லை, ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் ஒரு மாதத்துக்குமேல் தாங்காது. கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் நானும் அம்மாவும் டின்னுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். அவள் தலையை நிமிர்த்தாமல், "உங்களுக்கு மொதல் நாளே தெரியும்" என்றாள். நான் அடுத்த டின்னை எடுத்தேன். "எனக்கும் தெரியும். என் ரெண்டு வளையலை வித்துதானே இந்த டின்னை வாங்கினோம், எனக்கா மறந்துபோகும்" என்றாள். நான் கையில் இருந்த டின்னைக் கீழே வைத்தேன். தெரிந்தும் எதற்குப் பாப்பாவிடம் அப்படி அழுதாய் என்று கேட்டேன். அவள் எண்ணெயைத் தொட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கும் கேட்கத் தகுதி இல்லை, ஏனென்றால் நானும் அதே காரியத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன். வாத்தியார் முத்திரையை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் உன் கடனை எண்ணிக்கொண்டிருந்தேன் பாப்பா. இருபத்திரண்டு வருடம், கடைசித் தவணை கட்டும்போது உனக்கு ஐம்பத்தாறு, எனக்கு எண்பத்தெட்டு. வாடகை வீட்டில் இருக்கிறவள் என்றைக்காவது பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள், சொந்த வீடு வாங்கியவள் வரமாட்டாள். இன்னும் இரண்டு வருடம்தான், வந்துவிடுகிறோம் என்று நீ ஆறு வருடத்துக்கு முன்னால் சொன்னதை நாங்கள் இரண்டுபேரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே வீடு வாங்காதே என்று உன்னிடம் நேராகச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை, வேதத்தைச் சொல்ல விட்டுவிட்டோம். ஆண்டவருடைய வார்த்தையை இப்படிச் சொந்தக் காரியத்துக்கு எடுத்ததுதான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "கர்த்தர் வருவாருங்கிறதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்க. அவ வருவாளாங்கிறதுலதான்." இதை எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதிவிட்டேன்.

அதனால் நீ கையெழுத்துப் போடு. இருபத்தெட்டுவரை இழுக்காதே, இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே முடித்துவிடு. உலகம் முடிகிற காலம் எனக்குத் தெரியாது, குமாரனுக்கே தெரியாது என்று இருக்கிறபோது ரொட்டிக்காரனுக்கு எப்படித் தெரியும், வருகிற நேரத்தில் அவர் என்னை மாவுக் கையோடு பார்த்தால் போதும், உன்னை உன் வீட்டில் பார்க்கட்டும். போடுவதற்கு முன்னால் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார், மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய்ச் சுவரைத் தொட்டுப் பார், ஈரச் சுவரைப் பெயிண்ட் அடித்து மறைப்பார்கள். வட்டி மாறுகிற கடனா மாறாத கடனா என்று மாப்பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொள். கட்டில் மேஜைக்கென்று இன்னொரு கடன் வாங்காதே, தரையில் படுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கையில் மிஞ்சுகிறபோது முன்கூட்டியே கொஞ்சம் கட்டு, இருபத்திரண்டு பதினைந்தாகக் குறையும். மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், மாமனார் கேட்டதாக இல்லை, மனுஷன் கேட்டதாகச் சொல்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, நீ வைக்கப்போகிற அடுப்பில் எரிகிற நெருப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் இரண்டு பேருடைய கை வேலையும் ஆசீர்வதிக்கப்படட்டும். கடைசியாக ஒன்று மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா போன் பண்ணுவாள். சரி என்கிற வார்த்தையைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறாள், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே, முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். சொல்லி முடித்ததும் அழுவாள். அதைக் கேட்டு நீ கையெழுத்தை நிறுத்திவிடாதே.

இப்படிக்கு, உன்னிடம் ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்த,
உன் அப்பா